பழைய பார்ட்டி சாஃப்ட்வேரை மாற்றுவது எப்படி? ஃபைனான்ஸ் ஆபீஸ்களுக்கான செய்முறை

உங்கள் ஆபீஸில் பார்ட்டி (கடன் வாங்கியவர்) விவரம் இன்னும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிய சாஃப்ட்வேரில்தான் இருக்கிறதா? விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-க்குக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டால், அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிடும் நாளில் யாரிடம் எத்தனை டியூ (மாதத் தவணை) நிற்கிறது என்றே தெரியாமல் போகும்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று பலர் மாதக்கணக்கில் அலசுகிறார்கள். அந்த சாஃப்ட்வேருக்குள் போகப்போகிற பார்ட்டி விவரத்தைச் சுத்தம் செய்ய ஒரு வாரம்கூட ஒதுக்குவதில்லை. வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. மூவாயிரம் பார்ட்டி உள்ள கிளைக்கு இரண்டு ஆட்களும் ஆறு வாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நகல் எடுங்கள்

நாள் கணக்கை முடித்து, எல்லா கம்ப்யூட்டரிலும் சாஃப்ட்வேரை மூடிய பிறகு ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள். ரெக்கார்டுகள் இருக்கும் டிபிஎஃப் ஃபைல் மட்டும் போதாது. அதே பெயரில் உள்ள எஃப்பிடி ஃபைலும் வேண்டும். "மச்சான் ஜாமீன்", "ஆர்.சி. திருப்பிக் கொடுத்தாச்சு" போன்ற நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கும்.

இன்னொன்று: ஃபாக்ஸ்புரோவில் டெலிட் செய்த ரெக்கார்டு உடனே அழியாது, அழிந்ததாகக் குறி மட்டும் விழும். அந்தக் குறியுள்ளவற்றை ஒதுக்காமல் வெளியே எடுத்தால், அழித்த பார்ட்டியெல்லாம் புது சாஃப்ட்வேரில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

2. எக்செலில் டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள்

பழைய சாஃப்ட்வேரிலிருந்து வெளியே எடுத்த சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) எக்செலுக்குள் இம்போர்ட் செய்து, எல்லாப் பத்தியையும் 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும்; 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முன்னால் உள்ள சுழியமும் போய்விடும். அமெரிக்க முறையில் அமைத்த கம்ப்யூட்டராக இருந்தால் ஆகஸ்ட் 5 மே 8 ஆகிவிடும். அப்படியே சேவ் செய்துவிட்டால் மீட்கவே முடியாது.

3. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. யுனிகோடு என்பது இன்றைய கம்ப்யூட்டரும் செல்போனும் பயன்படுத்தும் பொது எழுத்து முறை. பழைய சாஃப்ட்வேரில் தமிழ்ப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால், உள்ளே இருப்பது தமிழே இல்லை. 'பழனிசாமி' என்று திரையில் தெரிவது, ஃபைலுக்குள் ஜி, ஓ, டி, பி, ஆர், ஹெச், கே, பி என்ற எட்டு ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு மாற்றியில் 'பாமினி' என்பதையே தேர்ந்தெடுங்கள்; டிஸ்கி, டேப் என்ற வேறு பழைய தமிழ் எழுத்து முறைகளைத் தவறாகக் கொடுத்தால் வேறு எழுத்தாக வரும்.

மூன்று இடத்தில் தப்பு நேரும். முதலாவது, மாற்றுவதற்கு முன் யாராவது பத்தி முழுவதையும் கேப்பிடல் எழுத்தாக்கிவிடுவது. பாமினியில் சிறிய கே 'ம', பெரிய கே 'மு'. சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. கேப்பிடல் ஆக்கினால் பெயரே மாறிவிடும். இரண்டாவது, கொம்பு. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், யுனிகோடில் பின்னால். மாற்றியபின் செல்லமுத்து, சேகர், பொன்னுசாமி, கோவிந்தன் ஆகிய நான்கு பெயரையும் தேடிப் பாருங்கள். கொம்பு தனியாக நின்றால் மாற்றி சரியில்லை. மூன்றாவது, முகவரிக்குள் ஆங்கிலத்தில் அடித்திருக்கும் வண்டி எண்ணும் கதவு எண்ணும். அவையும் தமிழெழுத்தாகிக் குழம்பும். அந்த வரிகளைத் தனியே பிரித்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

4. ஒரு ஆளுக்கு ஒரே எண்

பெயரை வைத்து ஆளைச் சேர்க்காதீர்கள். ஒரே ஊரில் ஒரே இனிஷியலோடு நாலு பழனிசாமி இருப்பார்கள். பான், செல்போன், பிறந்த தேதி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று கொள்ளுங்கள். பார்ட்னர்ஷிப் பெயரில் கடன் இருந்து, பானில் நாலாவது எழுத்து 'எஃப்' இல்லாமல் 'பி' என்றிருந்தால், பங்குதாரரின் சொந்த பான் ஏறியிருக்கிறது. வண்டி எண்ணில் இடைவெளியையும் கோட்டையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

மாவட்டத்தையும் பாருங்கள். காங்கேயமும் தாராபுரமும் 2009-இல் ஈரோட்டிலிருந்து திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்துவிட்டது. அதன் பழைய ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீடு) இருந்தால் புதிய குறியீடு கேட்டு வாங்குங்கள்.

ஜாமீன்தாரரைக் கடன் குறிப்பில் வெறும் பெயராக விட்டுவிடாதீர்கள். அவருக்கும் தனி எண் கொடுத்து, கடனோடு இணையுங்கள். இங்கே ஜாமீன் போட்டவரே இன்னொரு வண்டிக்குக் கடன்காரராகவும் இருப்பார்.

5. ஏற்றிப் பாருங்கள்

முதலில் 200 பார்ட்டி. ஒழுங்காக முடித்தவர், டியூ நிற்பவர், டியூ கட்டாததால் வண்டி பிடித்தது, முன்கூட்டியே அடைத்தவர் என எல்லா வகையும் இருக்கட்டும். பிறகு முழுவதையும் ஏற்றி, கிளைவாரியாகப் பார்ட்டி எண்ணிக்கை, நிலுவை அசல், தேதி தாண்டிய டியூ ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் காரணம் தெரியாமல் நகரக் கூடாது. பெரும்பாலும் வட்டியை முழு ரூபாயாக்கும் முறையில்தான் வித்தியாசம் வரும். ஆகவே நடப்புக் கடனின் டியூ சார்ட்டை (தவணைப் பட்டியல்) அப்படியே கொண்டுபோங்கள். புது சாஃப்ட்வேரைத் திரும்பக் கணக்குப் போட விடாதீர்கள். பார்ட்டி கையிலுள்ள அட்டையில் ஒரு தொகையும் ரசீதில் வேறு தொகையும் இருந்தால், பல வருஷ நம்பிக்கை போய்விடும்.

6. மாற்றும் நாள்

ஒரு மாதம் பழைய, புது சாஃப்ட்வேர் இரண்டிலும் பதியுங்கள். அதற்குள் ஒரு மாதக் கடைசி வர வேண்டும். முழுதாக மாறுவதற்குப் புதன்கிழமை நல்லது. திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை, ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் இரவிலிருந்து செவ்வாய்; வசூல் குவியும் நாட்களில் புது சாஃப்ட்வேரில் கைவைக்க வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய மாதமும் வேண்டாம்.

எஸ்எம்எஸ் வாசகங்களை டிஎல்டி தளத்தில் (வணிக எஸ்எம்எஸ் பதிவுக்கான டெலிகாம் நிறுவனங்களின் தளம்) முன்பே பதிந்துகொள்ளுங்கள். பதிந்ததிலிருந்து வாசகம் மாறினால் செய்தி போகாது. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்தில்போல 160 இல்லை. 'பழனிசாமி' பார்க்க ஐந்து எழுத்து, கணக்கில் எட்டு.

கேஒய்சி (பார்ட்டியின் அடையாள, முகவரி ஆவணங்கள்) புதுப்பிக்கும் தேதியையும் ஏற்றிவிடுங்கள்: அதிக ரிஸ்க் பார்ட்டிக்கு 2 ஆண்டு, நடுத்தரத்துக்கு 8, குறைந்ததற்கு 10.

பழைய கம்ப்யூட்டரை விற்றுவிடாதீர்கள். கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டு ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, பார்க்க மட்டும் முடிகிறமாதிரி பூட்டிவைத்து, நகலை இரண்டு ஹார்டு டிஸ்கில் எடுத்து ஒன்றை வேறு கிளையில் வையுங்கள்.