எட்டுப் பக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸை இரண்டு நிமிட அனிமேஷன் படமாக்குவது எப்படி?

முதலில் கணக்கு. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம் (திரையில் ஓடும் தனித்தனிப் படம்). இரண்டு நிமிடத்துக்கு 2,880. ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வைத்தால் (இதை ‘டூஸ்’ என்பார்கள்) 1,440 ஓவியம். ரஃப் (கச்சா வரைவு), கிளீனப் (அதன் மேல் சுத்தமான கோடு), கலர் எல்லாம் சேர்த்து ஓர் ஓவியத்துக்கு 15 நிமிடம் என்று வையுங்கள்: 360 மணி நேரம். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மாதம் ஆகும். முதல் படம் பாதியில் நின்றுபோகாமல் இருக்க, 480 ஓவியத்துக்குள் முடிப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அது இரண்டு மாத வேலை. அந்த 480ஐ எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பதுதான் இனி வரும் எல்லாப் படிகளும்.

படி 1: கதை யாருடையது?

நீங்களே வரைந்த காமிக்ஸ் என்றால் நேராக அடுத்த படிக்குப் போங்கள். நண்பர் வரைந்தது என்றால் ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1972லிருந்து தமிழில் படித்து வளர்ந்த கதாபாத்திரம் என்பதற்காக இரும்புக்கை மாயாவி நம் சொத்தாகிவிடாது. மூலம் பிரிட்டிஷ் படைப்பு, அதற்கு உரிமைதாரர் உண்டு. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை (காப்பிரைட்) படைப்பாளி இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். ‘கிரெடிட் போட்டுட்டேன்’ என்பது அனுமதி ஆகாது.

படி 2: பேனலை ஷாட்டாக உடைப்பது

இதில் அவசரம் வேண்டாம். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கத்திப்பாரா மேம்பாலத்தில் பிரேக் பிடிக்காத தண்ணி லாரி ஒன்று இறங்கி வருகிறது. கீழே சைக்கிளில் ஒரு சிறுமி. நம் நாயகி பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து தாவி, லாரியை வெறுங்கையால் நிறுத்துகிறாள். காமிக்ஸில் இதற்கு நாலு பேனல் (கட்டம்) போதும். கடைசிப் பேனலில் பம்பரில் கை, நசுங்கிய முகப்பு, தெறிக்கும் தண்ணீர், சிறுமியின் அலறல், பெரிதாக ‘தடால்!’ என எல்லாம் ஒன்றாக இருக்கும்.

சிக்கல் அங்கேதான். காமிக்ஸ் ஓவியர் காரணத்தையும் விளைவையும் ஒரே கட்டத்தில் வைப்பார். முன்னும் பின்னும் நடந்ததைப் பேனல்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் வாசகரே கற்பனை செய்துகொள்வார். படத்தில் அந்த இடைவெளி கிடையாது. அதனால் கடைசிப் பேனல் மட்டுமே மூன்று ஷாட் ஆகும்: கை பம்பரில் படுவது (நெருக்கம்), லாரி தேய்ந்து நிற்பது (பக்கவாட்டில் தூரம்), சிறுமியின் முகம் (நெருக்கம்).

ஒரு நோட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: பேனல் எண், ஷாட், எத்தனை விநாடி, என்ன சத்தம், எத்தனை ஓவியம். எட்டுப் பக்கத்தில் 40 பேனல் இருந்தால் 30லிருந்து 35 ஷாட்டுக்குள் அடக்குங்கள். கதையை நகர்த்தாத பேனலைத் தயங்காமல் வெட்டுங்கள். நன்றாக வரைந்த பேனலை வெட்ட மனசு வராது. அதைப் போஸ்டராக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, திசை. லாரி இடமிருந்து வலமாக வந்தால் காட்சி முடியும் வரை அப்படியே வர வேண்டும். காமிக்ஸில் பேனலுக்குப் பேனல் திசை மாறினாலும் கண் வசன பலூன்களைப் பிடித்துக்கொண்டு போய்விடும். படத்தில் லாரி திரும்பிப் போவதாகவே தெரியும். இன்னொன்று, திரையின் சட்டகம். காமிக்ஸ் பக்கம் நெட்டு, திரை 16:9 கிடை. உயரமான பேனலின் தலையையும் காலையும் வெட்டாமல், கேமராவை மேலிருந்து கீழே இறக்குங்கள். அந்த நகர்வுக்கு மூன்று விநாடியாவது கொடுங்கள். குறைத்தால் படம் வெட்டி வெட்டி ஓடும்.

படி 3: வசனம், ஒலிப்பதிவு

ஓவியத்துக்கு முன்னால் குரல். பலூனில் “அனைவரும் விலகிச் செல்லுங்கள்! வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை!” என்றிருக்கும். வாய்விட்டுப் படித்தால் நாலு விநாடி போகும், மேடை நாடகம் போலவும் கேட்கும். “தள்ளுங்க, தள்ளுங்க! பிரேக் புடிக்கல!” இரண்டு விநாடி. மிச்சமான இரண்டு விநாடி என்பது டூஸ் கணக்கில் 24 ஓவியம், அதாவது ஆறு மணி நேர வேலை.

தாவிக்கொண்டே இருபது வார்த்தை பேசுவதும் காமிக்ஸில் மட்டுமே நடக்கும். படத்தில் நாயகி காற்றில் இருப்பது அரை விநாடி. “ஏய்!” மட்டும்தான் கொள்ளும். பஞ்ச் டயலாக் வேண்டுமென்றால் தாவுவதற்கு முன்னாலோ, லாரி நின்ற பிறகோ.

போன் மைக் போதும், அறைதான் முக்கியம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் நின்று பேசுங்கள், எதிரொலி குறையும். ஃபேனை அணையுங்கள். மே மாதத்தில் இது தண்டனைதான், ஆனால் ஃபேன் சத்தத்தைப் பிறகு மென்பொருளில் துடைத்தால் குரலும் சேர்ந்து தேயும். பதிவு மீட்டரில் அதிகபட்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. அலறல் வசனத்தை ஒரு அடி தள்ளி நின்று தனியாக எடுங்கள்.

படி 4: அனிமேட்டிக்

அனிமேட்டிக் என்பது படத்தின் கச்சா முன்னோட்டம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் குச்சி மனிதர்கள் போட்ட ஒரு ஓவியம், அதன் கீழே பதிவுசெய்த குரல். இவற்றை எடிட்டிங் டைம்லைனில் அடுக்குங்கள். கேடென்லைவ், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, எது இருந்தாலும் சரி. திறந்தவுடன் டைம்லைனை 24 ஃப்ரேமில் வையுங்கள். பல மென்பொருள்கள் 25 அல்லது 30ல் திறக்கும். பிறகு கவனித்தால் அசைவு திக்கும், உதடும் குரலும் விலகும்.

கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடத்தில் அழகாக வரைந்தாலும் புரியாது.

படி 5: மாடல் ஷீட்

எல்லா ஓவியத்திலும் நாயகி ஒரே மாதிரி இருக்கப் பார்த்து வரையும் மாதிரித் தாள் இது. முன், முக்கால், பக்கம், பின் என நாலு கோணத்தில் நாயகியை ஒரே கோட்டில் நிறுத்தி வரையுங்கள். தலையை அளவாக வைத்தால் சூப்பர் ஹீரோ உடம்புக்கு எட்டுத் தலை உயரம் பொருத்தமாக இருக்கும். அடுத்து, கோடுகளைக் குறையுங்கள். முன்கையில் ஆறு தசைக் கோடு இருந்தால் இரண்டாக்குங்கள். காமிக்ஸின் மெல்லிய நிழல் கீறல்களை மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஓவியத்திலும் அவை கொஞ்சம் இடம் மாறும், ஓடவிட்டால் உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போலிருக்கும். பதிலுக்கு ஒரே ஒரு நிழல் நிறம்.

மார்புச் சின்னம் இன்னொரு தொல்லை. உடல் திரும்பும்போது அது தோளுக்கு வழுக்கிப் போகும். ரஃப் ஓவியத்திலேயே கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு நடுக்கோடு போட்டு, சின்னத்தை அதன் மேல் உட்கார வையுங்கள்.

படி 6: அசைவு

க்ரிட்டா, பிளெண்டர், ஓபன்டூன்ஸ் ஆகிய மூன்று அனிமேஷன் மென்பொருளும் இலவசம். ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ்தான் 2016ல் ஓபன்டூன்ஸாக வெளிவந்தது. புதியவர்களுக்கு க்ரிட்டா எளிது. திரை இல்லாத சாதாரண டிராயிங் டேப்லெட் போதும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம்.

நாயகி தாவுவது இப்படி: குனிந்து பதுங்க 8 ஃப்ரேம், கிளம்ப 2, காற்றில் 12, தரையைத் தொட்டு அழுந்த 2, நிமிர 8. மொத்தம் 32. கிளம்புவதையும் தரையைத் தொடுவதையும் ஃப்ரேமுக்கு ஓர் ஓவியமாகவும், மற்றவற்றை டூஸிலும் வரைந்தால் 18 ஓவியம். புதியவர்கள் பதுங்குவதைக் குறைத்துக் காற்றில் நேரத்தைக் கூட்டுவார்கள். நாயகி பலூன் போல மிதப்பது அதனால்தான். முதுகில் பறக்கும் கேப்பைத் தனி லேயரில் (அடுக்கில்) வையுங்கள். அதன் நுனி உடம்பைவிட 3 ஃப்ரேம் தாமதமாகத் திரும்பினால் துணி, கூடவே திரும்பினால் தகரம்.

லாரியைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டாம். ஒரே ஓவியம், சக்கரத்துக்கு மட்டும் இரண்டு. மிச்சம் லேயரை நகர்த்துவதுதான். கை பட்ட கணத்தில் எல்லாவற்றையும் 3 ஃப்ரேம் அப்படியே நிறுத்துங்கள். அடி ‘விழுந்தது’ என்று கண் பதிவு செய்ய அந்த நேரம் வேண்டும். பிறகு லாரி நகரும் தூரத்தை ஃப்ரேமுக்கு 60, 48, 36, 26, 18, 12, 7, 4, 2 பிக்சல் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். நாயகியும் அதே அளவு பின்னால் தேய்ந்து போக வேண்டும், காலடியில் தார் உரிய வேண்டும். சட்டென்று ஒரே ஃப்ரேமில் நின்றால் அது அட்டை லாரி.

எடையைக் காட்டுவது உள்ளே இருக்கும் தண்ணீர். லாரி நின்று 6 ஃப்ரேம் கழித்து முகப்பு மூக்குக் குத்தட்டும். இன்னும் 4 ஃப்ரேமில் மேல்மூடி வழியாகத் தண்ணீர் முன்பக்கம் எகிறட்டும். பிறகு லாரி ஒருமுறை பின்னால் சாய்ந்து அடங்கட்டும். தண்ணீருக்கு 10 ஓவியம் செலவழியுங்கள். முழுக்காட்சியும் அதில்தான் நிற்கிறது. அடுத்து வரும் சிறுமியின் முகத்துக்கு ஒரே ஓவியமும் ஒரு கண்சிமிட்டலும் போதும்.

படி 7: உதடு

ஆறு வாய் போதும்: அ, இ, உ, எ, ஒ, மூடிய வாய். ‘வ’வுக்குக் கீழுதட்டில் பல் படும் ஏழாவதும் இருந்தால் நல்லது. பள்ளியில் படித்த மாத்திரை இங்கே உதவும்: குறிலுக்கு ஏறக்குறைய 2 ஃப்ரேம், நெடிலுக்கு 4. ‘அபாயம்’ என்பதில் ‘பா’வுக்கு முன் உதடு 2 ஃப்ரேம் மூடினால் போதும். ‘அப்பா’வில் 4 ஃப்ரேமாவது மூடியே இருக்க வேண்டும். அந்த ஒற்றைத் தவறவிட்டால் டப்பிங் படம் போலிருக்கும். வாய் அசைவைக் குரலுக்கு ஒரு ஃப்ரேம் முன்னால் தள்ளி வையுங்கள், பொருந்தியதாகத் தோன்றும்.

படி 8: சத்தம், ரெண்டர்

‘தடால்’ என்ற எழுத்தைத் திரையில் காட்டுவதா, சத்தமாகக் கேட்க வைப்பதா? இரண்டும் வேண்டுமென்றால் எழுத்தைப் படம் முழுக்க இரண்டே இடத்தில் வையுங்கள். பத்து இடத்தில் வந்தால் எதுவும் பெரிய அடியாகத் தெரியாது. பின்னணிக்குக் கிண்டி ரயில் நிலைய நடைமேடையில் நின்று போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். மின்ரயில் ஹாரன், பஸ், ஆட்டோ எல்லாம் ஒரே கோப்பில் கிடைத்துவிடும்.

ரெண்டரை (வரைந்து முடித்ததைக் கோப்பாக எடுப்பதை) நேராக வீடியோவாக எடுக்காமல், பிஎன்ஜி படங்களாக எடுங்கள். 900வது ஃப்ரேமில் கரண்ட் போனால் 901லிருந்து தொடரலாம். வீடியோவாக எடுத்திருந்தால் திரும்ப முதலிலிருந்து. பிறகு அவற்றை ஒலியோடு சேர்த்து 1920 × 1080, 24 ஃப்ரேம், எச்.264 எம்பி4 ஆக்குங்கள், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். பதிவேற்றும் முன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்த போன் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். இரவுக் காட்சியில் கருப்பு உடை கருப்பு வானத்தில் கரைந்துபோனால், நாயகியை விட்டுவிட்டு வானத்தை மட்டும் நீலமாக்குங்கள்.