16,00,632-ஐப் பிரித்துப் பார்ப்போம்: பெரிய எண்ணை வகைப்படுத்துவது எப்படி?

எத்தனை காரணிகள், முழு வர்க்கமா, மிகையெண்ணா (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரியதா) என்று எது கேட்டாலும் விடை பகாக் காரணிகளில்தான் இருக்கிறது. அவற்றைக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு, மற்றதெல்லாம் பெருக்கல். 16,00,632-ஐ எடுத்துக்கொள்வோம்.

படி 1: சிறிய பகா எண்கள்

2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்: 8,00,316, 4,00,158, 2,00,079. இது ஒற்றை எண், ஆக 2 மூன்று முறை. 2,00,079-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. எனவே 9-ஆல் வகுபடும். ஈவு 22,231. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 10, ஆகவே 3-இன் கதை முடிந்தது. 5 வராது, 7-ஆல் வகுத்தால் 6 மீதி. 11-க்கு, வலமிருந்து மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 1−3+2−2+2 = 0. வகுபடும், ஈவு 2,021.

படி 2: 2,021 பகா எண்ணா?

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பலரும் சறுக்குவது இங்கேதான். 45² = 2,025 என்பதால் 45-க்குக் குறைவான பகா எண்கள் எல்லாவற்றையும் சோதித்தே ஆக வேண்டும். 11-ஐயும் விடாதீர்கள், அது இரண்டாம் முறையும் வகுக்கலாம். 11 முதல் 41 வரை ஒவ்வொன்றிலும் மீதி வருகிறது. பட்டியலின் கடைசி எண்ணான 43 வகுக்கிறது: 43 × 47.

குறுக்குவழியும் உண்டு: 2,021 = 45² − 2² = (45−2)(45+2). ஒரு வர்க்கத்துக்குச் சற்றே குறைந்த எண் என்றால் முதலில் இதை முயன்று பாருங்கள்.

ஆக, 16,00,632 = 2³ × 3² × 11 × 43 × 47.

படி 3: காரணிகளின் எண்ணிக்கை

ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 2 × 2 × 2 = 96. அந்த 1-ஐ மறந்தால் 6 என்று வரும். அபத்தம் உடனே தெரிந்துவிடும். 2,021-ஐப் பகா எண் என்று விட்டிருந்தால் 48 வரும். அது கண்ணை உறுத்தாது.

படி 4: மிகையெண்ணா?

காரணிகளின் கூட்டுத்தொகை:
(1+2+4+8)(1+3+9)(1+11)(1+43)(1+47) = 15 × 13 × 12 × 44 × 48 = 49,42,080.

இதிலிருந்து எண்ணையே கழித்தால் 33,41,448. எண்ணைவிடப் பெரியது, ஆகவே மிகையெண். சமமாக இருந்தால் 6, 28 போல நிறைவெண், குறைந்தால் குறைவெண். 2,021-ஐப் பிரிக்காமல் விட்டவருக்குக் கூட்டுத்தொகை 47,31,480 என்று தப்பாக வந்தாலும் முடிவு 'மிகையெண்' என்றே வரும். காரணிகளைத் திரும்பப் பெருக்கிச் சரிபார்த்தாலும் 16,00,632 கிடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு காரணியும் பகா எண்தானா என்பதைத் தனியாகச் சோதியுங்கள்.

படி 5: மற்ற வகைகள்

ஒற்றை அடுக்குகள் இருப்பதால் முழு வர்க்கமல்ல. இலக்கக் கூட்டுத்தொகை 18. எண்ணை இந்த 18-ஆல் வகுத்தால் மீதியின்றி 88,924. ஆகவே இது இந்தியக் கணிதர் கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண், அதாவது தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண் எதுவும் ஒற்றை அடுக்கில் இருக்கக் கூடாது. 3 அப்படிப்பட்டதுதான், ஆனால் அதன் அடுக்கு 2 என்பதால் தப்பிக்கிறது. 11, 43, 47 மூன்றும் மாட்டிக்கொள்கின்றன. ஒன்றே போதும், முடியாது.