ஃபிளிப்பர் ஜீரோ வாங்கும் முன் ஃபோனைச் சோதித்துப் பாருங்கள்

"வைஃபை, ப்ளூடூத், என்எஃப்சி எல்லாம் என் ஃபோனிலேயே இருக்கிறதே, ஃபிளிப்பர் ஜீரோ எதற்கு?" என்று கேட்பவர்கள் அதிகம். ஃபிளிப்பர் ஜீரோ என்பது ரிமோட், கார்டு, கேட் சிக்னல்களைப் படித்து அனுப்பும் கையடக்கக் கருவி. என்எஃப்சி என்பது கார்டை ஃபோனில் வைத்துப் படிக்கும் வசதி. நியாயமான கேள்விதான். விஷயம் உள்ளே இருக்கும் சிப்பில் இருக்கிறது. என்ன ஆப் போட்டாலும் அது மாறாது. ஆண்ட்ராய்டு ஃபோன், டிவி ரிமோட், ஆபீஸ் கார்டு மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இன்ஃப்ராரெட்

டிவி ரிமோட் பேசுவது இன்ஃப்ராரெட் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒளியில். ரிமோட்டை முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான ஃபோன்களில் திரையில் ஊதா நிறத்தில் மினுக்கும். (பின்பக்கக் கேமராவில் பல சமயம் தெரியாது, ஃபில்டர் தடுத்துவிடும்.) ஒளி தெரிகிறது, சரி. ஆனால் அது பொதுவாக நொடிக்கு 38,000 தடவை துடிக்கிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவால் அதைப் படிக்க முடியாது.

ரெட்மி, போக்கோ ஃபோன்கள் பலவற்றின் மேல் விளிம்பில் ஐஆர் பிளாஸ்டர் (இன்ஃப்ராரெட் ஒளியை அனுப்பும் சிறு விளக்கு) இருக்கும். ஐஃபோனில் கிடையாது. ஃபோனில் அது இருந்தாலும் ஆண்ட்ராய்டு தரும் வசதி அனுப்புவதற்கு மட்டும்தான். ஆப்பில் உள்ள பிராண்டு பட்டியலில் உங்கள் ஏசி இல்லையென்றால் அதோடு சரி. ஃபிளிப்பரில் ரிசீவரும் உண்டு: ரிமோட்டைக் காட்டி அழுத்தினால் கற்றுக்கொள்ளும்.

படி 2: கார்டு

என்எஃப்சி டூல்ஸ் ஆப்பைத் திறந்து, ஆபீஸ் கார்டை ஃபோனின் முதுகில் வையுங்கள். வகையும் எண்ணும் வந்தால் அது 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு. எங்கே நகர்த்தி வைத்தாலும் சத்தமே இல்லையா? அநேகமாக 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. அதற்கான ஆன்டெனா ஃபோனில் இல்லை; ஃபிளிப்பர் இரண்டையும் படிக்கும்.

படி 3: ப்ளூடூத், வைஃபை

இதில் ஃபோன்தான் கில்லாடி. என்ஆர்எஃப் கனெக்ட் ஆப்பில் சுற்றியுள்ள ப்ளூடூத் கருவிகள் சிக்னல் அளவோடு வரிசையாக வரும். ஃபிளிப்பரில் வைஃபையே கிடையாது; தனி போர்டு வாங்கிச் செருக வேண்டும்.

படி 4: கேட் ரிமோட்

வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட் பலவும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. ஃபோனின் மோடம் டவரோடு மட்டுமே பேசும். ஆப் எதுவும் அதை இந்தப் பக்கம் திருப்ப முடியாது. ஃபிளிப்பரில் இதற்கென்றே சிசி1101 என்ற சிப் இருக்கிறது, கேட்கவும் அனுப்பவும்.

கேட்பது மட்டும் போதும் என்றால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) ஓடிஜி கேபிள் வழியாக ஃபோனில் மாட்டுங்கள், செலவு மிகக் குறைவு. எஸ்டிஆர் ஆப்பில் 433.92க்குப் போய் ரிமோட்டை அழுத்தினால் திரையில் பளிச்சென்று கோடு விழும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு இதுதான்.

அப்புறம், கார் சாவியை ஃபிளிப்பரில் காப்பி அடிக்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். இன்றைய கார் சாவிகள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரகசியக் குறியீட்டை மாற்றுபவை. ஒருமுறை கார் ஏற்றுக்கொண்ட குறியீடு மறுபடி செல்லாது. சோதனை எல்லாம் உங்கள் சொந்தப் பொருளில் மட்டும். ஆபீஸ் கார்டைக்கூட படித்துப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். நகல் எடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.