ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அப்புறம்? பல்கலைக்கழகம், தொழில்துறை, அரசு மூன்றும் சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணைவேந்தர் ஒரு பக்கம், நிறுவனத் தலைவர் ஒரு பக்கம், நடுவில் அமைச்சக அதிகாரி. புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. கைகுலுக்கும் படம் மறுநாள் செய்தியில் வருகிறது. ஒரு வருடம் கழித்து அந்தக் கோப்பைக் கேட்டால், அது யார் அலமாரியில் இருக்கிறது என்பதே தெரியாது. வளரும் நாடுகளில் இப்படி முடிந்துபோன கூட்டணிகள் ஏராளம். பெரும்பாலும் யாருடைய எண்ணத்திலும் குறை இருப்பதில்லை. தொடங்கிய இடம்தான் பிசகு.

அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். "இரு தரப்புக்கும் ஆர்வமுள்ள துறைகளில் இணைந்து செயல்படுதல்" என்று இருக்கும். என்ன சிக்கல், யார் பார்ப்பார், எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்பதெல்லாம் இருக்காது. சிக்கல் கையில் இல்லாமல் உறவைப் பேசுவதுதான் முதல் தவறு. ஒரு வார்ப்பாலையில் நூறு உருப்படிக்குப் பத்து வெடிப்பு விட்டு வீணாகிறது என்றால், அது சிக்கல். அதற்கு விழா வேண்டாம். ஒரு பக்கத்தில் ஒரு வேலை ஆணை போதும். ஆணைகள் நாலைந்து ஒழுங்காக முடிந்த பிறகு பெரிய ஒப்பந்தம் போட்டால் அதற்கு அர்த்தம் இருக்கும்.

தொழில்துறைக்கு வேண்டியது கண்டுபிடிப்புதான் என்று நினைப்பது அடுத்த தவறு. என் கணக்கில் இதுதான் மிகப் பெரியது.

இந்த மூன்று தரப்புக் கூட்டணி பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக 1990-களில் எட்ஸ்கோவிட்ஸ், லெய்டெஸ்டார்ஃப் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த 'டிரிபிள் ஹெலிக்ஸ்', அதாவது மூன்று இழை முறுக்கு, என்ற கருத்திலிருந்து தொடங்குவார்கள். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1968-ல், அர்ஜென்டினாவின் ஹோர்ஹே சபாட்டோவும் நத்தாலியோ போத்தானாவும் இதே மூன்றையும் ஒரு முக்கோணமாக வரைந்துவிட்டார்கள். வளரும் நாட்டில் உட்கார்ந்து வளரும் நாட்டுக்காக வரைந்த படம் அது. மூன்று முனைகள் இருந்தால் மட்டும் போதாது, அவற்றை இணைக்கும் கோடுகள்தான் முக்கியம் என்றார்கள். உள்ளூர் ஆய்வகத்தின் பேச்சுவார்த்தை வெளிநாட்டு ஆய்வகத்தோடு, உள்ளூர் ஆலையின் பேச்சுவார்த்தை தொழில்நுட்ப உரிமம் தரும் வெளிநாட்டு நிறுவனத்தோடு என்று ஆளுக்கொரு திசையில் போனால் முக்கோணம் உருவாகவே உருவாகாது.

சபாட்டோ இதை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. அந்நாட்டு அணுசக்தி ஆணையத்தின் உலோகவியல் பிரிவைக் கட்டியவர் அவர். உள்ளூர் உலோகத் தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு தொழில்நுட்ப உதவிச் சேவை 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஆரம்பமானது. ஆலைக்காரர்கள் தங்கள் உலோகச் சிக்கலோடு அங்கே போகலாம். பின்னர் நாட்டின் முதல் அணுமின் நிலையத்தை வாங்கும் கட்டம் வந்தது. சாத்தியக்கூறு ஆய்வை வெளிநாட்டு ஆலோசகரிடம் கொடுக்காமல் ஆணையமே செய்தது. எந்த வேலையை உள்ளூர் ஆலைகளால் செய்ய முடியும் என்று கேட்டால் பதில் சொல்ல அவர்களிடம் ஆள் இருந்தார்கள்.

வளரும் நாடுகளில் பெரும்பாலான நிறுவனங்கள் சிறியவை. அவற்றுக்கு ஆய்வுப் பிரிவு கிடையாது. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர்கூட இல்லாத ஆலையில் புதிய உலோகக் கலவைக்கான காப்புரிமையை நீட்டினால் அதை வாங்கி என்ன செய்வார்கள்? அவர்கள் கேட்பது சோதனைச் சான்றிதழ், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் அளவுத்திருத்தம், ஏற்றுமதித் தரத்துக்கு என்ன மாற்றம் வேண்டும் என்பதற்கு விளக்கம். பேராசிரியர்கள் இதை 'ஆராய்ச்சி இல்லை' என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் நம்பிக்கை வளர்வது இந்தச் சில்லறை வேலைகளில்தான்.

சட்டத்தை நகலெடுப்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் 1980-ல் வந்த பே-டோல் சட்டம், கூட்டாட்சி அரசின் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள வழி செய்தது. அதைப் பார்த்துப் பல நாடுகள் அதே மாதிரி எழுதத் தொடங்கின. அமெரிக்காவில் அந்தச் சட்டம் வரும்போதே பெரிய ஆய்வகங்களும், உரிமம் வாங்கக்கூடிய நிறுவனங்களும், துணிகர முதலீட்டாளர்களும் இருந்தார்கள் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அங்கேயேகூட பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் காப்புரிமைகளை நிறுவனங்களுக்கு உரிமமாகக் கொடுக்கும் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகங்கள் தம் செலவுக்குக்கூடச் சம்பாதிப்பதில்லை.

தென்னாப்பிரிக்கா 2008-ல் இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆய்வின் முழுச் செலவையும், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவு உட்பட, நிறுவனம் ஏற்றால்தான் அந்த ஆய்வு 'பொதுப்பண ஆய்வு' என்ற வரையறைக்கு வெளியே போகும். பாதிச் செலவோடு வரும் நிறுவனம் உரிமையில் பங்கு கேட்டால் தனி நிபந்தனைகளைத் தாண்ட வேண்டும். வாசலிலேயே வழக்கறிஞரைத் தேட வேண்டியிருந்தால் சிறு நிறுவனம் உள்ளே வருமா? இந்தியாவில் அதே 2008-ல் மாநிலங்களவைக்கு வந்த இதுபோன்ற மசோதா, சட்டமாகாமலே பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அது நல்லதற்கே என்பது என் எண்ணம்.

காப்புரிமை எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பிப்பதற்கு மதிப்பெண் கொடுத்தால் விண்ணப்பங்கள் வரும். பதவி உயர்வுக்குக் கட்டுரையை மட்டும் எண்ணினால், ஆலையில் ஆறு மாதம் உழைத்த பேராசிரியர் ஏமாளியாகத் தெரிவார்.

ஒப்பந்தத்தில் மறந்துபோகும் ஒரு வரியும் உண்டு: மாணவரின் ஆய்வேடு. நிறுவனம் ரகசியம் என்கிறது, பல்கலைக்கழகம் ஆய்வேட்டை வெளியிட்டாக வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்வது நான்கு வருடம் உழைத்த பிள்ளை. வெளியீட்டை எத்தனை மாதம் தள்ளிவைக்கலாம் என்பதை முதல் நாளே எண்ணில் எழுதிவிட வேண்டும்.

பணத்தை ஆய்வகத்தின் வாசலோடு நிறுத்துவது இன்னொரு தவறு. கழிவுநீரில் கன உலோகத்தை அளக்கும் ஒரு உணரியை எடுத்துக்கொள்வோம். ஆய்வகத்தில், காய்ச்சி வடித்த நீரில் கலந்த மாதிரியைக் கச்சிதமாக அளக்கும். ஆலைக் குழாயில் பொருத்திய சில நாளில் மின்முனையில் பாசியும் எண்ணெய்ப் படலமும் ஏறி, காட்டும் அளவு விலக ஆரம்பிக்கும். துடைத்து, மறுபடி அளவுத்திருத்தம் செய்ய ஒரு ஆள் வேண்டும். திட்ட நிதியில் கருவி வாங்கத் தலைப்பு இருக்கும், துடைக்கிறவர் சம்பளத்துக்குத் தலைப்பு இருக்காது. ஆலைக்காரர் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். இறுதி அறிக்கையில் 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று எழுதியிருக்கும்.

கடைசியாக, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அரசு, விளைந்த பொருளை வாங்க மறுப்பது. பிரேசிலில் விமானப் பொறியாளர்களை உருவாக்கும் ஐ.டி.ஏ. கல்லூரி 1950-ல் வந்தது. அதையொட்டிய விமானப்படையின் ஆய்வு மையத்தில் வடிவமைத்த பண்டெய்ராஞ்ச்சி விமானம் முதன்முதலாகப் பறந்தது 1968-ல். அதைத் தயாரிக்க எம்ப்ரேயர் என்ற விமான நிறுவனம் பிறந்தது 1969-ல். இடையில் ஏறத்தாழ இருபது வருடம், அதாவது எத்தனையோ மூன்றாண்டுத் திட்டங்களின் ஆயுள். நிறுவனம் தொடங்கியபோது விமானப்படையே 80 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டர் இல்லாவிட்டால் வடிவமைப்பு வரைபடமாகவே கிடந்திருக்கும்.

பல நாடுகளில் நடப்பது வேறு. அமைச்சகத்தின் ஒரு பிரிவு மானியம் கொடுத்துப் புதிய கருவியை உருவாக்கச் சொல்லும். அதே அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவு டெண்டர் விடும்போது, மூன்று வருட விற்பனை அனுபவம் வேண்டும், அரசிடமிருந்து முன்பு பெற்ற ஆர்டரின் நகலை இணைக்கவும் என்று கேட்கும். மானியம் வாங்கிய சிறு நிறுவனம் அந்த டெண்டரின் இரண்டாவது பக்கத்திலேயே தகுதியிழந்துவிடும்.