குன்னூர்க் குளிரில் கிளம்பாத பழைய இன்ஜெக்‌ஷன் கார்

என்னிடமுள்ள 1980களின் இறக்குமதிக் காரில் இருப்பது கே-ஜெட்ரானிக் (பெட்ரோலைத் தொடர்ந்து பீய்ச்சும் பாஷ் நிறுவன இயந்திர முறை) வகை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். குன்னூரின் ஜனவரிக் காலை ஒன்றில், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் இன்ஜின் கிளம்பவேயில்லை. உறைபனியே காரணம் என்றார்கள்; ஆனால் குளிர் மட்டுமே காரணமென்றால் பெரும்பாலும் இன்ஜின் ஓரிரு முறையாவது பிடித்து அணையும். தீப்பொறி சரியாக இருந்ததால், பெட்ரோல் பம்ப் இருக்கும் பின்னிருக்கைப் பக்கம் நண்பரை அமர்த்திச் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். பெட்ரோல் பம்பின் ரீங்காரம் இல்லை.

ஃப்யூஸ் நன்றாகவே இருந்தது. இக்னிஷன் துடிப்பு வந்தால் மட்டுமே பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அது செருகியிருந்த இடத்தில் மின்சாரம் வரும் 30, பம்புக்குப் போகும் 87 எண் துளைகளை ஃப்யூஸ் பொருத்திய ஒயரால் இணைத்ததும் பம்ப் ஓடியது, இன்ஜினும் உடனே கிளம்பியது. ரிலேயின் மூடியைத் திறந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, தடித்த கால் ஒன்றைச் சுற்றிய ஈயப்பற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு வட்டமாக ஓடியிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தேன், கோளாறு தீர்ந்தது.

ஒயர் இணைப்புடனேயே கோத்தகிரிச் சாலையில் ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பை நிறுத்துவது அந்த ரிலேதான். அது இல்லையெனில் உடைந்த குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.