குவாண்டம் புலக் கோட்பாட்டைக் கணிதமாகப் படிக்க எங்கே தொடங்குவது

தடித்த பாடநூலை முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்துவிட்டுத்தான் ஆராய்ச்சி என்று காத்திருக்காதீர்கள். முதலில் பரிமாணமே இல்லாத புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புலம் என்பது வெறும் ஒரு எண், புலத்தின் எல்லா வடிவங்களையும் கூட்டும் பாதைத் தொகையீடு என்று பயமுறுத்துவது சாதாரண காசியன் தொகையீடுதான்.

அந்தக் காசியனின் அடுக்கில், புலத்தின் நான்காம் படியை 24 ஆல் வகுத்து, சிறிய இடைவினை எண் ஒன்றால் பெருக்கிக் கழியுங்கள். அப்புறம் அந்த எண்ணின் படிகளில் விரித்து, கையாலேயே கணக்குப் போடுங்கள். நான்காம் படியின் சராசரி 3, ஆகவே முதல் திருத்தத்தின் அளவு 1/8. திருத்தங்களைப் புள்ளியும் கோடுமாக வரையும் ஃபெய்ன்மன் வரைபடங்களில், எட்டு வடிவில் இருப்பதன் சமச்சீர்களை எண்ணுங்கள், அங்கேயும் 8 தான் வரும். அடுத்த திருத்தம் 35/384. மூன்று வரைபடங்கள் 1/128, 1/16, 1/48 என்று பங்களிப்பதைக் கூட்டிச் சரிபாருங்கள். தொகையீட்டுக்குத் திட்டமான மதிப்பு இருந்தும் இந்தத் தொடர் எந்த மதிப்பிலும் நிற்காமல் விரிந்து போய்விடும், ஏன் என்று யோசிக்காமல் மேலே போகாதீர்கள், ஏனென்றால் உண்மையான கோட்பாடுகளிலும் இதே சிக்கல்தான் காத்திருக்கிறது.

அடுத்து, தூரத்தைப் பொருட்படுத்தாமல் வெளியின் வடிவத்தை மட்டுமே சார்ந்த இடத்தியல் புலக் கோட்பாடுகளுக்குக் கணிதர் அட்டியா 1988-இல் கொடுத்த விதிகள். இரண்டு பரிமாணத்தில் அவை பரிமாற்று ஃப்ரோபீனியஸ் இயற்கணிதங்களாகவே (பெருக்கலோடு பொருந்தும் ஓர் உள்பெருக்கமும் உள்ளவை) மாறிவிடும். நிரூபணத்தைப் படம் வரைந்து செய்யலாம்.

சரி, இனி ஒரு வாசலைத் தேர்ந்தெடுங்கள். முடிச்சுகள் பிடித்தால், அவற்றைப் பிரித்தறிய உதவும் ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவையை முப்பரிமாணப் புலக் கோட்பாடான செர்ன்–சைமன்ஸ் கோட்பாட்டோடு இணைத்த விட்டனின் 1989 கட்டுரை. வடிவியல் பிடித்தால், இரண்டு வெவ்வேறு வெளிகள் ஒரே இயற்பியலைத் தரும் கண்ணாடிச் சமச்சீர், என் மனம் எப்போதும் இந்தப் பக்கம்தான். ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்றால் வரையறுக்கப்படும் பொதுவான முப்பரிமாண வெளியில் 2875 நேர்கோடுகளும் 6,09,250 கூம்பு வளைவுகளும் இருப்பது கணிதர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் படி வளைவுகளை இயற்பியலாளர்கள் கண்ணாடிச் சமச்சீரை வைத்து 31,72,06,375 என்றார்கள். கணிதர்கள் எலிங்ஸ்ருடும் ஸ்ட்ரோமேவும் கணினியில் போட்டபோது வேறு எண் வந்தது, பிறகு நிரலில் பிழை இருந்தது தெரிந்து, திருத்தியதும் இயற்பியலாளர்களின் எண்ணே வந்தது. ஆனால் பொருந்துவது நிரூபணம் ஆகாது, அது வரச் சில வருடங்கள் பிடித்தன. அதனால் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் நிரூபித்தது, ஊகித்தது, இயற்பியல் வாதம் என்று ஓரத்தில் பிரித்துக் குறித்துக்கொண்டே போங்கள்.

அணுக்கரு விசையை விவரிக்கும் வகைக் கோட்பாடான யாங்–மில்ஸுக்கு நான்கு பரிமாணத்தில் நிறை இடைவெளி (மிகக் குறைந்த துகள் நிறையும் பூச்சியத்துக்கு மேல் இருப்பது) உண்டு என்று நிரூபிப்பது, கிளே நிறுவனம் 2000-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த கணக்கு, இன்னும் திறந்தே கிடக்கிறது. முதல் வருடத்தில் அதில் கைவைக்க வேண்டாம். இரண்டு பரிமாண யாங்–மில்ஸ் முழுதாகத் தீர்க்கப்பட்டது, விடை பரப்பின் துளைகளின் எண்ணிக்கையையும் மொத்தப் பரப்பளவையும் மட்டுமே சார்ந்திருக்கும், அதை முதலில் கோளத்துக்குப் போட்டுப் பாருங்கள்.