ரத்தத்துக்கு முன்னால் குறிப்பேடு: பறவை மரபியலில் இறங்குகிறவர்களுக்கு

பறவைகளின் மரபணுவை ஆராய வேண்டும் என்று என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, டிஎன்ஏ வரிசையைப் படிக்க எந்தக் கருவி நல்லது என்பதைத்தான். பதிலுக்கு நான் அவர்களுடைய குறிப்பேட்டைக் காட்டச் சொல்வேன். பல பேரிடம் குறிப்பேடே இருக்காது. சோதனைக்கூட வேலையைக் காசு கொடுத்தால் யாராவது செய்து தருவார்கள். ஆனால் எந்தப் பறவை, எந்தக் கூடு, யாருடைய குஞ்சு, அன்று எதைத் தின்றுகொண்டிருந்தது என்பதெல்லாம் அந்த நேரத்தில் எழுதாவிட்டால் போனது போனதுதான். ஆகவே இங்கே களவேலைக்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

இதை நம்பாதவர்களிடம் நான் பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகஸ் தீவுகளைக் காட்டுவேன். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973-இல் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் ஃபிஞ்ச் என்ற சிறு பறவைகளை ஆராயத் தொடங்கினார்கள். காலில் எண்ணிட்ட வளையம் மாட்டுவது, அலகை அளப்பது, எது எதோடு ஜோடி சேர்ந்தது, எந்தக் குஞ்சு பிழைத்தது என்று எழுதுவது, இவ்வளவுதான் வேலை. 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோய், பெரிய, கெட்டியான விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரை ஃபிஞ்சில், அவற்றை உடைக்க முடிந்த தடித்த அலகுப் பறவைகள் அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகும் தடித்தது. பெற்றோரின் அலகையும் வளர்ந்த பிள்ளைகளின் அலகையும் ஒப்பிட்டே, அலகின் அளவு பெருமளவு மரபுவழி வருவது என்று காட்டிவிட்டார்கள். டிஎன்ஏ தேவைப்படவில்லை.

2004-05இல் மறுபடி வறட்சி. இந்த முறை பெரிய தரை ஃபிஞ்ச் என்ற போட்டியாளரும் தீவில் இருந்ததால், பெரிய விதைகள் அதன் வயிற்றுக்குப் போயின. நடுத்தர இனத்தில் இப்போது பெரிய அலகுக்காரர்கள் மடிந்தார்கள், சின்ன அலகுக்காரர்கள் தப்பித்தார்கள். பிழைத்தவற்றின் டிஎன்ஏவையும் மடிந்தவற்றின் டிஎன்ஏவையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வந்தது. எச்எம்ஜிஏ2 என்ற மரபணு இருக்கும் பகுதி அலகின் அளவோடும் பிழைத்தலோடும் சேர்ந்தே போவதாக அது காட்டியது. மடிந்த பறவையின் டிஎன்ஏ எப்படிக் கிடைத்தது? உயிரோடு இருந்தபோதே அதன் ரத்தத்தை எடுத்து, வளைய எண்ணோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். இந்தக் குஞ்சுகளின் தந்தை யார்? மலையின் இந்தப் பக்கக் கூட்டமும் அந்தப் பக்கக் கூட்டமும் கலக்கின்றனவா? எந்த மரபணு இந்த நிறத்தைத் தருகிறது? தந்தையைத் தேடுகிறீர்கள் என்றால் ஒரு கூட்டின் எல்லாக் குஞ்சுகளும், அக்கம்பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் சூப்பர்ப் ஃபேரி ரென் என்ற குருவி பார்வைக்குக் குடும்பஸ்தன்தான். மரபணு பார்த்தால் பெரும்பாலான குஞ்சுகளுக்கு அப்பா வெளியாள். அந்த வெளியாளின் ரத்தம் உங்களிடம் இல்லாவிட்டால், 'வேறு யாரோ' என்பதோடு ஆய்வு நின்றுவிடும்.

கூட்டங்கள் கலக்கின்றனவா என்று பார்ப்பதற்கு நேர்மாறான முறை. ஒரு கூட்டுக்கு ஒரு குஞ்சு மட்டும். உடன்பிறந்தவை நான்கையும் சேர்த்துவிட்டால், அந்த இடத்துப் பறவைகள் மற்றவற்றிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டதாகக் கணினி படம் போட்டுக் காட்டும். அது உண்மையில் ஒரு குடும்பத்தின் படம். இன்னொன்று: ஒரு பறவை பரவி வாழும் பரப்பின் இரண்டு ஓரங்களில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு இரண்டு இனம் என்று அறிவிப்பது. தூரம் கூடக் கூட மரபணு வேறுபாடும் மெல்லக் கூடுவது சாதாரணம். நடுவில் உள்ள இடங்களுக்கும் போய்ப் பார்க்காமல் பிளவு என்று சொல்லக் கூடாது.

இறகு, ரத்தம்

பறவையைப் பிடிக்க அனுமதியும் பயிற்சியும் வேண்டும். இரண்டும் இல்லாமல் வலையைத் தொடாதீர்கள். தொடக்கத்துக்கு உதிர்ந்த இறகு போதும் (சில நாடுகளில் அதை வைத்திருக்கவே அனுமதி தேவை, விசாரித்துவிடுங்கள்). இறகுத் தண்டின் அடி நுனியில் டிஎன்ஏ இருக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதற்குச் சற்று மேலே, இறகின் மயிர் தொடங்கும் இடத்தில், தண்டுக்குள் ஒரு சிறு ரத்தக் கட்டு உறைந்திருக்கும். பெரிய இறகுகளில் அதுதான் நல்ல சரக்கு. வெயிலும் ஈரமும் டிஎன்ஏவைச் சிதைக்கும் என்பதால் புதிதாக விழுந்ததாகப் பார்த்து எடுங்கள். காகித உறையில் போட்டு உலர்வாக வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

ரத்தம் என்றால் இறக்கையின் அடியில் ஓடும் ரத்த நாளத்திலிருந்து மெல்லிய ஊசியால் குத்தி, கண்ணாடி நுண்குழாயில் எடுப்பது வழக்கம். பறவையின் ரத்தச் சிவப்பணுக்களில் உட்கரு (டிஎன்ஏ இருக்கும் இடம்) உண்டு, நம்முடையதில் கிடையாது. அதனால் துளி ரத்தத்திலேயே டிஎன்ஏ தாராளமாகக் கிடைக்கும். உடல் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 10 கிராம் குருவிக்கு அது 0.1 மில்லி. அதில் பாதிகூடத் தேவைப்படாது, பேராசை வேண்டாம். எடுத்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதை உறுதிசெய்த பிறகே விடுங்கள். மழையிலும் கடும் வெயிலிலும் வலையை விரித்து வைப்பது பறவையைக் கொல்வதற்குச் சமம். பறவை வாயைப் பிளந்து இரைத்தாலோ கண்ணை மூடினாலோ அளவாவது ஒன்றாவது, உடனே விட்டுவிடுங்கள்.

ரத்தம் கெடாமல் இருக்க அதை எத்தனாலில் (ஆல்கஹால்) விட்டதும் குழாயைக் குலுக்குங்கள். இல்லாவிட்டால் கட்டியாகி, பிறகு கரைக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும். அப்புறம் பெயர்ச்சீட்டு. மார்க்கர் மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும், எத்தனால் கசியாத குழாயை நான் இன்னும் பார்த்ததில்லை. ஆகவே பென்சிலால் எழுதிய சிறு காகிதத் துண்டு குழாய்க்குள்ளேயே போக வேண்டும். வளைய எண், தேதி, இடம், எடுத்தவர் பெயர், நான்கும். ஒருமுறை எனக்கு வந்த ஒரு பெட்டி நிறையக் குழாய்களில் 'திங்கள் 3', 'திங்கள் 4' என்று மட்டும் இருந்தது. எந்த மாதத்துத் திங்கள், எந்த ஊர்த் திங்கள்? இத்தனைக்கும் உள்ளே இருந்த டிஎன்ஏ அருமையாக இருந்தது.

அளவுகளையும் அதே கையோடு எடுங்கள்: அலகின் ஆழம் (மேலிருந்து கீழ்வரை உள்ள தடிமன்), கால் எலும்பின் நீளம், இறக்கை, எடை. ஒரு ஆய்வு முழுக்க ஒரே ஆள் அளப்பது நல்லது. ஆள் மாறினால் கேலிப்பர் என்ற அளவுக் கருவியைப் பிடிக்கும் கையின் அழுத்தம் மாறும், அந்த வித்தியாசம் பரிணாமம் மாதிரியே தோன்றும். சில பறவைகளை இருமுறை அளந்தால், உங்கள் கையின் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சோதனைக்கூடம்

ஆணா பெண்ணா என்பதிலிருந்து தொடங்குங்கள். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இரண்டிலும் இருக்கும் சிஎச்டி மரபணுவின் நீளம் சற்று வேறுபடுவதால், பிசிஆர் செய்து (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை), துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு இரண்டு. 1998-இல் வெளிவந்த இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நெருப்புக்கோழி வகையறாவுக்கு மட்டும் இது சரிப்படாது. பாலினம் ஏற்கெனவே தெரிந்த ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் ஒவ்வொரு முறையும் கூட ஓட்டுங்கள், வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றையும். தண்ணீரில் கோடு வந்தால் எங்கோ வேறு டிஎன்ஏ கலந்துவிட்டது, அன்றைய வேலை மொத்தமும் குப்பை.

ரத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அதன் மரபணுத் துண்டுகள் சில, பரிணாமப் போக்கில் உட்கரு டிஎன்ஏவுக்குள் நகலாகிப் போயிருக்கின்றன. பறவை ரத்தத்தில் உட்கரு டிஎன்ஏ ஏராளம், மைட்டோகாண்ட்ரியா குறைவு. நிஜத்துக்குப் பதில் அந்த நகலையே படித்துவிட வாய்ப்பு அதிகம். புரதம் செய்யும் மரபணுவின் நடுவே நிறுத்தக் குறி (புரதம் இதோடு முடிகிறது என்னும் குறி) வந்தாலோ, ஒரே இடத்தில் இரண்டு டிஎன்ஏ எழுத்துகள் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தசையிலிருந்து எடுத்த மாதிரி இன்னும் நம்பகமானது. அதோடு, மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாய்வழி மட்டுமே வருவது. அதை மட்டும் வைத்து இனங்களின் வரலாற்றைச் சொன்னால், தந்தைமாரின் பக்கம் விடுபட்டுப் போகும்.

முடிவுகள் வந்த பிறகு அவசரப்படாதீர்கள். வட அமெரிக்காவின் கோல்டன் விங்டு வார்ப்ளர், ப்ளூ விங்டு வார்ப்ளர் இரண்டும் பார்வைக்கு வெவ்வேறு பறவைகள். 2016-இல் முழு மரபுத்தொகுதியையும் (மொத்த டிஎன்ஏவையும்) ஒப்பிட்டபோது, கவனிக்கத்தக்க வேறுபாடு 6 சிறு பகுதிகளில்தான் இருந்தது. பெரும்பாலானவை இறகோடு தொடர்புள்ள மரபணுக்களுக்கு அருகில். சில ஆயிரம் எழுத்துகளை மட்டும் படித்திருந்தால் அந்த ஆறும் கண்ணில் பட்டிருக்காது. 'வேறுபாடு இல்லை' என்று எழுதும் முன், எவ்வளவு படித்தோம் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.

மிச்சமுள்ள மாதிரியைத் தூக்கிப்போடாதீர்கள். இரண்டாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு உறைபெட்டிகளில் வையுங்கள், ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். டிஎன்ஏ வரிசைகளை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதியும்போது வளைய எண்ணையும் இடத்தையும் விட்டுவிட வேண்டாம். குறிப்பேட்டின் பக்கங்களை அன்றன்று மாலையே படமெடுத்து, களத்துக்கு வராத ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.